எத்தனை இதழ்

மூத்த மரத்தில் ஓர் இலைகூட இல்லை.

வருஷத்தின் கடைசிப் பௌர்ணமியான பதினைந்தாம் தேதி காலை, பல் விளக்கக் குவளையில் தண்ணீர் மொண்டுகொண்டு வாசலுக்கு வந்த குயென் அதைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றாள். முந்தின நாள் பொழுது சாய்கிறபோது அது முழுக்கப் பச்சையாக இருந்தது. அதன் நிழலில் உட்கார்ந்துதான் அவள் கீரை ஆய்ந்தாள். இன்றைக்குத்தான் இலை பறிக்கிற நாள். மாய் என்கிற இந்தப் பூமரம் வைத்திருக்கிற வீடுகளில் எல்லாம் இன்றைக்குத்தான் ஏணியும் முக்காலியும் போட்டு, இலை இலையாகப் பிடித்து, மொட்டு நோகாமல் இழுத்துப் பறிப்பார்கள். மரத்தை அப்படி மொட்டையடித்தால்தான் சத்தெல்லாம் மொட்டுக்குப் போகும். சரியாகப் பதினைந்து நாள் கழித்துப் புத்தாண்டு விடிகிறபோது மஞ்சள் மஞ்சளாகப் பூத்துக் கொட்டும். ஆனால் இந்த வீட்டில் இன்னும் யாரும் ஏணியைக்கூட எடுக்கவில்லை.

ஏழு மாத வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெல்லக் குனிந்து ஓர் இலையை எடுத்தாள். பழுத்த இலை இல்லை. பச்சை. கையால் பறித்த இலை என்றால் காம்பில் நார் கிழிந்திருக்கும், இதில் ஒரு கிழிசலும் இல்லை. மரம் தானாகவே கையை விட்டுவிட்டது மாதிரி இருந்தது. மண்ணிலிருந்து ஒரு வாடை எழுந்தது. மண்ணெண்ணெயும் அழுகின பழமும் கலந்தது போன்ற வாடை. வாய்க்கால் பக்கத்திலிருந்து வந்த எறும்புச் சாரி ஒன்று அந்த இலைக் குவியல் வரைக்கும் வந்து, நின்று, சுற்றிக்கொண்டு போனது. அந்த வாடையை அவள் எங்கேயோ நுகர்ந்திருக்கிறாள். எங்கே என்றுதான் பிடிபடவில்லை.

"அதைத் தொடாதேம்மா. அது கிழவி. அவளுக்குத் தனி வைத்தியம்."

மாமனார் டோவான் பின்னால் நின்றார். கையில் வழக்கம்போல் அவளுக்கான தேநீர்க் கோப்பை. இந்த வயிறு நின்ற நாளிலிருந்து அவளுக்குக் காலைத் தேநீர் அவர் கையால்தான்.

"யாரு மாமா பறிச்சது?"

"யாரும் பறிக்கலை. அவளே அவுத்துப் போட்டுட்டா, வெக்கங்கெட்டவ." அவர் தம் நகைச்சுவைக்குத் தாமே சிரித்தார். "குடி, ஆறிடப்போகுது."

குயென் குடித்தாள். கசப்பு, அப்புறம் அடிநாக்கில் ஓர் இனிப்பு. கோப்பையை இறக்கும்போதுதான் மூக்கில் அந்த வாடை ஏறியது.

சே, மண்ணில் எழுந்தது மூக்கிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

அன்று பகல் முழுக்க வீடே தோட்டத்தில் இருந்தது. வாய்க்கால் கரையை ஒட்டி ஒரே வரிசையாக மூத்த மரமும், அதற்கடுத்து ஏழு மரங்களும், கடைசியில் இடுப்பளவு உயரத்தில் இரண்டு கன்றுகளும் இருந்தன. வாய்க்காலுக்கு அக்கரையில் காடு இருந்த இடம். அங்கே இப்போது மனிதன் உயரத்துக்குக் கோரை மட்டும்தான், அதற்கு நடுவில் இருபத்தைந்து வருஷமாகச் சாயவும் தெரியாமல் நிற்கவும் தெரியாமல் நிற்கிற வெளுத்த மரத்தண்டுகள். காற்று அடித்தால் அவற்றிலிருந்து சத்தம் வராது. சத்தம் வர இலை வேண்டுமே. புருஷன் லியெம் ஏணியில் நின்றுகொண்டு அவள் தலையில் இலைகளைப் போட்டு விளையாடினான். மாமியார் தூய், எப்போதும் தலையை இறுக்கிக் கட்டியிருக்கும் கட்டம்போட்ட துணியோடு, பறித்துக்கொண்டிருந்தாள். இந்த வீட்டுக்கு வந்து மூன்று வருஷத்தில் மாமியாரின் தலைமுடியை குயென் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை.

"இந்தத் தடவை கிழவி எத்தனை இதழ் விடுவா சொல்லு?" என்றார் மாமனார். எல்லா மரமும் ஐந்து இதழ்தான் பூக்கும். ஆறு வந்தால் யோகம், எட்டு வந்தால் ஊரே பார்க்க வரும். இந்த வீட்டு மூத்த மரம் வருஷா வருஷம் எட்டுக்குக் குறைந்ததில்லை. அதைப் பார்த்துவிட்டுத்தான் குயெனின் அப்பா அவளை இந்த வீட்டில் கொடுத்தார்.

"என் கணக்குக்குப் பத்து," என்றான் லியெம்.

"பன்னெண்டு. எழுதி வச்சுக்கோ." கிழவர் ஏணியைப் பிடித்தபடி அக்கரையைப் பார்த்தார். பார்வை அந்தப் பக்கம் போனாலே அவருக்குப் பழைய கதை வந்துவிடும். "விமானம் மூணு, வால் பிடிச்ச மாதிரி ஒண்ணுக்குப் பின்னால ஒண்ணு வந்துச்சு. மருந்து பனி மாதிரி இறங்குச்சு. மூணே நாள். காடு மொத்தமும் கொட்டிப்போச்சு, குரங்கு கீழ விழுந்து கிடந்துச்சு, மீனு மல்லாந்துச்சு. நம்ம கிழவியும் மொட்டை. செத்துட்டான்னு நினைச்சேன். எட்டாம் நாள் பார்த்தா, புத்தாண்டுமில்ல ஒண்ணுமில்ல, நடு வெயில் காலத்துல பூத்து நிக்கிறா! பதினாறு இதழ். அந்த வருஷம் இந்தப் பக்கத்துல கண்ணுக்கு அழகா இருந்தது அது ஒண்ணுதான்." அவர் ஏணியில் நின்ற மகனை நிமிர்ந்து பார்த்தார். "அதே வருஷம்தான் இவனும் தங்கினான். அதுக்கு முன்னாடி ஆறு வருஷம் ஒண்ணும் நிக்கலை."

லியெம் ஏணியிலிருந்து குனிந்து கும்பிட்டான். எல்லோரும் சிரித்தார்கள். குயெனும் சிரித்தாள். அவளுக்கும் இரண்டு நிற்கவில்லை. மூன்றாம் மாதம் ஒன்று, நான்காம் மாதம் ஒன்று. இது ஏழு மாதம் தாண்டி நிற்கிறது. இதுவும் போனால் தன்னால் தாங்க முடியாது என்று அவளுக்கு நன்றாகத் தெரியும்.

மறுநாள் காலை தலையணையில் முடி கிடந்தது. ஒன்றிரண்டு இல்லை. ஒரு கைப்பிடி.

வயிற்றோடு இருந்தால் அப்படித்தான் இருக்கும் என்று அவளே தனக்குச் சொல்லிக்கொண்டாள். அடுத்த நாள் இரண்டு கைப்பிடி. வேரில் ரத்தம் இல்லை, வலியும் இல்லை. சீப்பை வைத்தவுடன் முடி தானாக வந்தது. அதைச் சுருட்டிக் கூரை இடுக்கில் செருகப் போனவளின் கையை மாமியார் பிடித்தாள். முடியை வாங்கி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். அவள் முகத்தில் பயமில்லை. அவ்வளவு சந்தோஷத்தை அந்த முகத்தில் குயென் அதுவரை பார்த்ததே இல்லை.

படகில் காய்கறியும் மீன் சாறும் விற்றுக்கொண்டு வாரம் இரண்டு முறை வருகிற ஹுவேதான் முதலில் கேட்டாள். அவள் வாய் சும்மா இருக்காது.

"என்னடி இது, கோழி உரிச்ச மாதிரி இருக்கே? புருஷன் பிடிச்சு இழுக்கிறானா?"

"தானா கொட்டுதுக்கா."

"நகத்தைக் காட்டு." காட்டினாள். ஹுவேயின் சிரிப்பு நின்றுவிட்டது. இரண்டு விரல்களில் நகம் அடியோடு தூக்கிக்கொண்டிருந்தது. ஹுவே படகிலிருந்தபடியே வாசலில் மொட்டையாக நின்ற மூத்த மரத்தைப் பார்த்தாள், அப்புறம் குயெனைப் பார்த்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "இருபத்திமூணாம் தேதி நான் டவுனுக்குப் போறேன். ஆஸ்பத்திரியில எனக்குத் தெரிஞ்ச நர்ஸ் இருக்கா. மத்தியானம் வந்து கூப்பிடுவேன், ஏறி உக்காந்துடு. இவங்ககிட்ட கேட்டுட்டு நிக்காதே."

பதினெட்டாம் தேதி நடுப்பகல். வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது, சேவல்கூட வாயை மூடிக்கொண்டு கிடந்தது, லியெமும் மாமியாரும் ஊஞ்சல் படுக்கையில் தூங்கிக்கொண்டிருந்தார்கள். தாகத்துக்கு எழுந்த குயென் பலகைச் சுவரின் இடுக்கு வழியாக வாசலைப் பார்த்தாள். மாமனார் மூத்த மரத்தின் அடியில் மண்டியிட்டிருந்தார். அங்கே எப்போதும் இருக்கிற பூந்தொட்டியை நகர்த்தி, அதன் கீழிருந்த பலகையைத் தூக்கினார். மண்ணுக்குள் கழுத்தளவு புதைத்த ஓர் இரும்புப் பீப்பாய் இருந்தது. துரு தின்றது போக மிச்சமிருந்த இடத்தில் ஒரு பட்டை வண்ணம், ஆரஞ்சு நிறம், ஒரு விரல் நீளத்துக்குத் தெரிந்தது. சாமி அறையில் நடந்துகொள்கிற மாதிரி அவ்வளவு பணிவாகச் சிரட்டையை உள்ளே விட்டு மொண்டார். பாதியை வேரில் ஊற்றினார்.

மீதியைத் தேநீர்க் கெண்டியில் ஊற்றினார்.

அவள் எப்படிப் படுக்கைக்கு வந்தாள் என்று அவளுக்கே தெரியாது. வாயைப் பொத்திக்கொண்டு கிடந்தாள். வயிற்றில் பிள்ளை உதைத்தது. ஏழு மாதம். ஒரு நாளைக்கு ஒரு கோப்பை. எத்தனை கோப்பை, எத்தனை கோப்பை என்று மனசு எண்ணப் பார்த்து எண்ண முடியாமல் திரும்பத் திரும்ப முதலிலிருந்து ஆரம்பித்தது. விமானம் தெளித்த மருந்து வந்த அந்தப் பீப்பாய்களைத் தேடி இரண்டு வருஷம் முன்னால் அரசாங்க ஆட்கள் வந்தார்கள். விஷம் என்றார்கள், மண்ணில் பட்டால் தலைமுறைக்கும் போகாது என்றார்கள். "எங்ககிட்ட ஏதுங்க" என்று இதே மாமனார்தான் அவர்களுக்கு இளநீர் வெட்டிக் கொடுத்தார்.

சாயங்காலம் லியெமைத் தனியாகப் பிடித்தாள். அவன் ஆச்சரியப்படுவான், கத்துவான், அப்பாவிடம் சண்டைக்குப் போவான் என்று நினைத்தாள்.

அவன் அவள் கன்னத்தைத் தடவினான். "பயந்துட்டியா? அம்மாவும் அதைத்தானே குடிச்சாங்க. நான் பொறக்கலையா?"

"அது விஷம்ங்க."

"இலைக்கு விஷம். மொட்டுக்கு இல்லை." அவன் குழந்தைக்குச் சொல்வது போலச் சொன்னான். "இலை இருந்தா இலைதானே சத்தைத் தின்னும்? அப்பா அறுபது வருஷம் மரம் பார்த்தவரு, குயென். போன ரெண்டும் ஏன் தங்கலை? நீ குடிக்கலை. அதான்."

அவள் ஆசைப்பட்டுக் கட்டிக்கொண்ட முகம், அதே பல்வரிசை, அதே குறும்பு. அந்த முகத்தில் துளி கெட்ட எண்ணம் இருந்திருந்தால்கூடப் பரவாயில்லை என்று அவளுக்குத் தோன்றியது.

பத்தொன்பதாம் தேதியிலிருந்து தேநீரை வாயில் வைத்துக்கொண்டு சமையலறைக்குப் போய், தரைப் பலகையின் இடுக்கு வழியாகக் கீழே துப்பினாள். மீதியையும் ஊற்றினாள். இருபத்திமூன்று வரைக்கும் ஓட்டிவிட்டால் போதும். இன்னும் நான்கே நாள். இருபதாம் தேதி மாமனார் வரிசையின் கடைசியில், இரண்டு கன்றுகளுக்கும் அப்பால், ஒரு குழி வெட்டினார். முழங்கை ஆழம் இருக்கும்.

"எதுக்கு அத்தை அந்தக் குழி?"

மாமியார் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். "மரம் வைக்கத்தான்."

"இப்பவா?"

"லியெமுக்கு அப்புறம் எனக்கு ஏழு போச்சும்மா. ஒவ்வொண்ணுக்கும் ஒண்ணு வச்சோம்." முறத்தை ஒரு தட்டுத் தட்டினாள். "அந்தத் தண்ணியைக் குடிக்கிறதை நிறுத்திட்டேன். ஒருத்தன் விஷம்னு சொன்னான், கேட்டுட்டேன். அதான் நான் செஞ்ச தப்பு. உன்னோட ரெண்டும் அங்கதான் இருக்கு, அந்தச் சின்னதுங்க. இது தங்கிடும். குழி சும்மா. வெட்டி வச்சா தேவைப்படாதுன்னு ஒரு நம்பிக்கை."

குயென் வரிசையைப் பார்த்தாள். ஏழு. இரண்டு. எல்லாம் மொட்டை. கிளை நுனி ஒவ்வொன்றிலும் அரிசி மணி பருமனுக்கு மொட்டு. மொட்டுகள் வீட்டைப் பார்த்துத் திரும்பியிருந்தன. அப்படித்தான் அவளுக்குப் பட்டது.

இருபத்தொன்றாம் தேதி காலையில் சமையலறைக்கு வெளியே மாமனார் நின்றுகொண்டிருந்தார். அசையவில்லை. தரைக்குக் கீழே, வாய்க்கால் சரிவில், பந்தலேறிக் காய்த்துக்கொண்டிருந்த பூசணிக்கொடி இருந்தது. அதில் ஓர் இலை இல்லை. காய் மட்டும் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டது போலத் தொங்கியது.

அவர் குயெனைத் திரும்பிப் பார்த்தார். கோபமில்லை. கண்ணில் தண்ணீர்.

"ஏம்மா இப்படிப் பண்ணினே," என்றார். "ஏம்மா."

அன்றிலிருந்து மூன்று பேரும் சேர்ந்துதான் கொடுத்தார்கள். லியெம் பின்னாலிருந்து அணைத்துக்கொள்வான். மாமியார் தாடையைப் பிடிப்பாள். மாமனார் ஊற்றுவார். ஒருத்தரும் அதட்டவில்லை. "கொஞ்சம்தான் கண்ணு, கொஞ்சம்தான்." விட்ட இரண்டு நாளைக்கும் சேர்த்து மூன்று கோப்பை. அவர்களும் அழுதார்கள்.

புருவம் போனது. இமை போனது. நகம் ஒவ்வொன்றாக.

இருபத்திமூன்று. அடுப்படித் தெய்வம் ஊர்க்கதையெல்லாம் சொல்ல மேலே கிளம்புகிற நாள். மாமியார் அடுப்புக்கு முன் இனிப்புக் கூழ் வைத்து, நல்லதை மட்டும் சொல்லு என்று வேண்டிக்கொண்டிருந்தாள். குயென் படுக்கையிலிருந்து காதைத் தீட்டிக்கொண்டு கிடந்தாள். மத்தியானம். வாய்க்காலில் மோட்டார் சத்தம் கேட்டது. தூரத்தில். கிட்டத்தில். படித்துறையில் நின்றது.

"குயென்! ஏய் குயென்! கிளம்பிட்டியாடி?"

எழுந்தாள். கால் தரையில் பட்டது. வாசல் பத்தே எட்டு. ஒன்று. இரண்டு. மூன்று. லியெம் எங்கிருந்து வந்தான் என்று தெரியவில்லை. அணைத்துக்கொண்டான். வாயில் கோப்பை.

"தூங்குறாம்மா," என்று வெளியே மாமியாரின் குரல். "ராத்திரியெல்லாம் பிள்ளை உதைச்சுதாம். இப்பத்தான் கண்ணசந்தா."

"எழுப்புங்க. நான் காத்திருக்கேன்."

"வயித்துப் புள்ளக்காரியை எழுப்பக்கூடாது ஹுவே. உனக்குத் தெரியாததா?"

கத்தினாள். கோப்பைக்குள் கத்தினாள். கசப்பு. இனிப்பு. கோப்பையின் விளிம்பைக் கடித்தாள். ஏதோ ஒடிந்தது. பீங்கான் இல்லை. பல். வலியே இல்லாமல் ஒன்று, இரண்டு, நாக்கில் உருண்டன.

"எழுந்ததும் சொல்லுங்க," என்றாள் ஹுவே, சந்தேகமான குரலில். "வரும்போது பார்க்கிறேன்."

மோட்டார் கிளம்பியது. கிட்டத்தில். தூரத்தில்.

லியெம் அவள் வாயிலிருந்து பற்களைப் பக்குவமாக எடுத்து அம்மாவிடம் கொடுத்தான். "இலை எல்லாம் விழுந்துடுச்சு," என்றான், ஆறுதலாக. "இனிமே எல்லாம் மொட்டுக்குத்தான்."

புத்தாண்டுக் காலை.

அவளைக் குளிப்பாட்டி, புதுச் சட்டை போட்டு, மூத்த மரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். மாமியார் தன் தலைத்துணியை அவிழ்த்தாள். முதல் தடவையாக. வழவழவென்று, முட்டை மாதிரி இருந்தது அந்தத் தலை. துணியை நான்காக மடித்து மருமகளின் தலையில் கட்டிவிட்டாள். கன்னத்தில் முத்தமிட்டாள். ஊர் ஜனம் வந்துகொண்டிருந்தது. புதுத் துணியின் கஞ்சி வாடை, ஊதுபத்தி, வேக வைத்த ஒட்டரிசிக் கட்டியின் வாழையிலை மணம். அதற்கெல்லாம் அடியில் அந்த இன்னொரு வாடை. மரத்தில் ஈ இல்லை. தேனீ இல்லை. பத்து மரமும் மஞ்சளாக எரிந்தன.

"எண்ணுங்கப்பா, எண்ணுங்க!" என்று கூட்டம் சத்தம் போட்டது. மாமனார் கிழவியின் முதல் பூவை இரண்டு விரலால் ஏந்திப் பிடித்தார். "ஒண்ணு... ரெண்டு..."

ஆறு நாளாகப் பிள்ளை உதைக்கவில்லை.

குயென் வயிற்றின் மேல் இரண்டு கையையும் வைத்திருந்தாள். நகமில்லாத பத்து விரல். உதை கண்ணு. ஒரே ஒரு தடவை. நீ இருக்கேன்னு சொல்லு. வேற ஒண்ணும் வேண்டாம்.

அப்போது உள்ளே அசைந்தது.

உதை இல்லை. அவளுக்கு உதை தெரியும். இது மெல்லப் பிரிந்தது. இறுக்கி மூடியிருந்த ஏதோ ஒன்று ஓரத்தில் நெகிழ்ந்து, வெளிப்பக்கமாக மடிந்து, அவள் விலாவின் உட்புறத்தில் மெத்தென்று வந்து படிந்தது. ஒன்று.

"...அஞ்சு... ஆறு!" கூட்டம் கை தட்டியது.

இன்னொன்று. அடிவயிற்றில். குளிர்ச்சியாக. இரண்டு. மூன்று, முதுகுத்தண்டை ஒட்டி.

டவுனிலிருந்து அன்றுதான் திரும்பிய ஹுவே கூட்டத்தின் பின்வரிசையில் நின்றிருந்தாள். துணி கட்டிய தலையையும் புருவமில்லாத முகத்தையும் பார்த்தாள். கையிலிருந்த கூடை நழுவியது. குயென் வாயைத் திறந்தாள். பல்லில்லாத வாயிலிருந்து சத்தம் வரவில்லை. மண்ணெண்ணெய் வாடை மட்டும் வந்தது.

"...எட்டு! ஒம்போது!"

நான்கு. ஐந்து.

ஐந்தோடு நின்றுவிட வேண்டும். தெய்வமே, ஐந்தோடு.

மாமனார் எண்ணுவதை நிறுத்தினார். பூவை விட்டுவிட்டு அவளிடம் வந்து மண்டியிட்டார். அவள் வயிற்றில் காதை வைத்தார். கண்ணை மூடினார். முகம் மலர்ந்தது. நிமிர்ந்து பார்த்து, ரகசியமாக, ஆசையோடு கேட்டார்.

"எத்தனை?"

ஆறு.

ஏழு.

எட்டு.